செயலாளர் அறை மோர்

போன வாரம் ரேவதி போன் செய்தாள். முன்பு என்னிடம் வேலை பழகியவள், இப்போது குமாரபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். அவளுடைய நிர்வாகம் இரண்டு நூலகங்களை ஒன்றாக்கி, சிலரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டதாம். மிச்சமிருப்பவர்கள் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்.

"மேடம், நீங்க இதையெல்லாம் பாத்தவங்க. எப்படி சமாளிச்சீங்க?"

"எல்லாருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தேன்" என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். பிறகு, "மாத்திரையெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடறீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

ஓய்வு பெற்றவர்கள் சுருக்கமாகப் பேசினால் இப்படித்தான் சந்தேகம் வரும். நீட்டி முழக்கினால்தான் நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று நம்புகிறார்கள். அதனால் நீட்டியே எழுதிவிடுகிறேன்.

நான் சேலம் டவுன்காரி. நூலகர் வேலை என்றால் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து நாள் முழுக்கக் கதை படிக்கலாம் என்று என் சித்தி சொன்னதை நம்பி அந்தப் படிப்பில் சேர்ந்தவள். படித்து முடித்ததும் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே நூலகம் என்பது பூட்டிய இரண்டு பீரோ, சாவி தலைமையாசிரியர் இடுப்பில். அந்த வருடங்களில் புத்தகங்களைவிட, சாவியைப் பணிவாகக் கேட்பது எப்படி என்பதைத்தான் அதிகம் கற்றேன். அதன்பின் நாமக்கல் சாலையில் புதுச்சத்திரத்தைத் தாண்டி ஒரு பெண்கள் கல்லூரிக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

எங்கள் கல்லூரிச் செயலாளர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ரிக் வண்டிகளை வடக்கே அனுப்பி ஆழ்குழாய் போட்டுச் சம்பாதித்து, பிறகு கல்வியில் இறங்கியவர். பூமியைத் துளைக்கத் தயங்காதவர். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் ஒரு கெட்ட சேதியைச் சொல்ல வேண்டுமென்றால் வேர்த்துவிடும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார்.

அவர் அறைக்குக் கூப்பிட்டால், முதலில் மழையைப் பற்றிக் கேட்பார். பிறகு நம் அம்மாவின் முட்டிவலி. அதற்குள் ஏதாவது குடிக்க வரும். டீ வந்தால் சாதாரணப் பேச்சு. காபி வந்தால் ஏதோ நல்லது நடக்கப்போகிறது. இஞ்சி தட்டிப் போட்டு, கொத்தமல்லி மிதக்கிற மோர் வந்தால் கதை முடிந்தது. "குடிங்க, குடிங்க" என்பார். நாம் டம்ளரை வாயில் வைத்ததும் சேதியைச் சொல்லிவிடுவார். வாய் நிறைய மோரை வைத்துக்கொண்டு யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. முழுங்கி முடிப்பதற்குள் அவர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டு, "அப்பறம் பாக்கலாமுங்க" என்றிருப்பார்.

என்னுடைய ஈட்டிய விடுப்பு ஒருமுறை மோரில் போயிற்று. புது ரேக் வாங்கும் திட்டம் இன்னொரு மோரில் போயிற்று. அவர் அறை பெண்கள் கல்லூரிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்ததால், எங்களுக்கெல்லாம் இது பழகிப்போனது. அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது உள்ளே போகிற தட்டை எட்டிப் பார்ப்போம். வெள்ளையாகத் தெரிந்தால், சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் போல முகம் தொங்கிவிடும்.

அதே வளாகத்தின் மறு கோடியில் அவர்களுடைய பொறியியல் கல்லூரி இருந்தது. அதற்குத் தனி நூலகம், தனி ஆட்கள். அவர்கள் செயலாளரை ஆண்டு விழா மேடையில் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர் அறையில் என்ன குடிக்கக் கொடுப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது எனக்கும் தெரியாது.

ஒரு கோடை விடுமுறையில் இரண்டு நூலகங்களையும் ஒன்றாக்கினார்கள். நடுவில் புதுக் கட்டடம். அந்தப் பக்கத்து நூலகர் ஏற்கெனவே ஓய்வு பெற்றுவிட்டதால் நான் தலைவியானேன். கல்லூரி பஸ்களில் சீட்டுகளின் மேலேயே புத்தகக் கட்டுகளை ஏற்றிக் கொண்டுவந்தோம். மாணவர்கள் தாங்களே புத்தகத்தைப் பதிந்து எடுத்துக்கொள்ள ஒரு மெஷின் வந்தது. எங்கள் நூலகத்தில் வருடக்கணக்காக கவுண்டரில் இருந்த மரகதத்தின் மேசை, மெஷினுக்கு இடம் வேண்டுமென்று வெளியே போயிற்று; அவர் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டே வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்து உதவியாளர் தேவராஜ் மட்டும் புதுக் கட்டடத்துக்கு வரவே இல்லை. ஆள் அதிகம் என்று அவரைக் கல்லூரியின் பஸ் ஆபீசுக்கு மாற்றிவிட்டார்கள். இளவயதில் லாரி புக்கிங் ஆபீசில் இருந்தவர் என்று அவருடைய விண்ணப்பத்தில் எழுதியிருந்ததாம். அது செயலாளர் கண்ணில் பட்டுவிட்டது.

கல்லூரி திறந்தது. மாணவர்களும் வந்தார்கள். ஊழியர்கள்தான் வந்தும் வராத மாதிரி இருந்தார்கள். அந்தப் பக்கத்தவர்களுக்குப் பழனிசாமி தலைவர் மாதிரி. அவர் தேவராஜின் பழைய நாற்காலியைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டு, அதன் மேல் ஒரு துண்டையும் விரித்துவிட்டார். யாரும் உட்காரக் கூடாது. மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தவில்லையே தவிர, மற்ற மரியாதையெல்லாம் அந்த நாற்காலிக்கு நடந்தது. தேவராஜோ கூப்பிடு தூரத்தில் பஸ் ஆபீசில் உயிரோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடும் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பெண்கள் பைண்டிங் அறையில், அவர்கள் மாடிப்படிக்குக் கீழே.

கொஞ்ச நாளில் மாணவிகளிடையே ஒரு பேச்சு கிளம்பியது. நூலகத்தில் பேய் இருக்கிறதாம். காலையில் மூன்றாவது தட்டில் பார்த்து வைத்த புத்தகம் சாயங்காலம் முதல் தட்டில் இருக்கிறதாம், மறுநாள் காலை பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறதாம். எந்தப் பேய் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பார்க்க, ஒரு நாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் ரேக்குகளுக்கு நடுவே போய் நின்றேன்.

காலை ஷிப்ட் எங்கள் பெண்கள். மாலை ஷிப்ட் பழனிசாமி கூட்டம். எங்கள் பழக்கம், ஒரு பாடத்துக்குள் ஆசிரியர் பெயர் வரிசைப்படி அடுக்குவது. அவர்கள் பழக்கம், புத்தகம் வாங்கிப் பதிந்த எண் வரிசைப்படி அடுக்குவது. இரண்டு முறையிலும் வாழ்நாள் முழுக்க நிம்மதியாக இருக்கலாம், ஒரே ரேக்கில் இரண்டையும் செய்யாதவரை. பழனிசாமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தட்டு முழுவதையும் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பழனிசாமி, என்ன பண்றீங்க?"

"கலைஞ்சு கெடக்குதுங்க மேடம். தெனமும் காலைல யாரோ கலைச்சு உட்டுப் போட்டுப் போயிடறாங்க. நாங்களும் சலிக்காம அடுக்கிட்டு இருக்கறமுங்க."

மறுநாள் காலை மரகதத்தைக் கேட்டேன். "சாயங்காலக்காரங்க தினமும் கலைச்சு வெச்சுடறாங்க மேடம். பாவம், தெரியாம பண்றாங்கன்னு நாங்களே சரிபண்ணிடறோம்" என்றார்.

மாவட்டத்திலேயே அதிகம் உழைத்த நூலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும். வேலைதான் ஒன்றும் நடக்கவில்லை.

இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே என் அறைக்குத் திரும்பினேன். பின்னாலேயே மரகதம் வந்தார். ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். சத்தமாகப் பேசத் தெரியாது. தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்.

"பரீட்சை முடிஞ்சதும் நான் வேலைய விட்டு நின்னுக்கறேன் மேடம்."

"மெஷின் வந்ததுக்காகவா?"

"மெஷின் வந்தா வந்துட்டுப் போகுது. அதுங்கூட புத்தகத்தை வெச்சா கீச்சுனு ஒரு சத்தம் குடுக்குது. இங்க மனுசங்க அதுகூடக் குடுக்கறதில்ல. நான் கதவுகிட்ட போனா பேச்சை நிறுத்தறாங்க. என்ன தப்பு பண்ணேன்னு தெரியல. தினமும் பஸ்ஸு ஏறும்போது திரும்பி வீட்டுக்கே போயிடலாமான்னு இருக்குது மேடம்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. புடவைத் தலைப்பின் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். புத்தகம் திருப்பித் தர மறந்த மாணவியைக்கூட இவர் திட்டி நான் கேட்டதில்லை. இப்படிப்பட்டவரை இழந்துவிட்டு நான் எந்த நூலகத்துக்குத் தலைவியாக இருக்கப்போகிறேன் என்று தோன்றியது. பரீட்சைவரை பொறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே பழனிசாமியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ரேக் விஷயத்தில் ஆரம்பித்து, ஏன் காலை ஷிப்ட்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்றேன்.

"எங்க தேவராசு பேரைப் போட்டுக் குடுத்தவங்ககூட நாங்க பேசறதா இல்லீங்க" என்றார்.

"யார் போட்டுக் கொடுத்தது?"

"அந்த மரகதம் அம்மாதானுங்க."

"யார் சொன்னா?"

"யாருங்க சொல்லோணும்? என் கண்ணால பாத்தனுங்க. மாத்தல் ஆர்டர் வாரதுக்கு மொத நாளு புத்தகக் கட்டு ஏத்த உங்க கட்டடத்துக்கு வந்தப்ப செயலாளர் ரூமு கதவு தொறந்திருந்துச்சு. இவங்க சேர்ல உக்காந்து மோர் குடிச்சுட்டு இருந்தாங்க. அவரே ஊத்தறாருங்க! வேண்டாதவங்களுக்கு யாராச்சும் இஞ்சி தட்டிப் போட்டு மோர் குடுப்பாங்களா? ஏதோ காரியம் முடிச்சுக் குடுத்ததுக்குத்தானுங்க அந்த உபசாரம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முயன்றேன், முடியவில்லை. பழனிசாமியின் மூக்கு சிவந்தது. அவசரமாக மோரின் பொருளை விளக்கினேன். அவர் நம்பவில்லை.

"ஏனுங்க மேடம், மோரைக் குடுத்துக் கெட்டது சொல்ற ஆளு இந்த உலகத்துல உண்டுங்களா? நீங்களும் அந்தப் பக்கத்து ஆளு, அதனால சொல்றீங்க. போயிட்டு வாரேனுங்க."

மரகதத்தை நேரடியாகக் கூப்பிட்டுப் பழனிசாமி முன்னால் நிறுத்தி, 'செயலாளர் உங்களிடம் என்ன சொன்னார்' என்று கேட்கலாம். ஆனால் அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். அந்த அம்மாள் மறுநாளே நின்றுவிடுவார். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கேன்டீனில் சொல்லி, ஒரு பெரிய தூக்கு நிறைய மோர் கொண்டுவரச் சொன்னேன். இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் செயலாளர் வீட்டுப் பக்குவத்தில். பஸ் ஆபீசுக்குப் போன் செய்து தேவராஜையும் வரச் சொன்னேன்.

நல்ல வெயில். வாசகர் கூட்டம் இல்லாத மதிய நேரம். இரண்டு ஷிப்டையும் பெரிய மேசையைச் சுற்றி உட்காரவைத்தேன். எங்கள் பெண்கள் ஒரு பக்கம், அவர்கள் மறு பக்கம், நடுவில் யாரும் உட்காராமல் இடைவெளி. மோர் வந்தது. டம்ளர்களில் ஊற்றி நானே ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தேன்.

அடுத்து நடந்ததை நான் திட்டமிடவே இல்லை. பழனிசாமி ஆட்கள், "அட, இந்த வெயிலுக்கு நல்லா இருக்குமுங்க" என்று சந்தோஷமாகக் கையை நீட்டினார்கள். எங்கள் பெண்களோ ஒருவர்கூட டம்ளரைத் தொடவில்லை. முகமெல்லாம் சுண்ணாம்பாகிவிட்டது. மரகதம் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பைண்டிங் பார்க்கும் செல்வி எழுந்தே நின்றுவிட்டாள்.

"யாருக்கு மேடம்?" என்றாள்.

"என்ன யாருக்கு?"

"மோர் குடுக்கறீங்களே. இந்தத் தடவ யாரைத் தூக்கப் போறாங்க?"

பழனிசாமி டம்ளரை உதட்டில் வைத்தபடியே நிறுத்திவிட்டார். எதிரே இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் ஒரு டம்ளர் மோரைக் கண்டு நடிக்க முடியாது என்பது அவருக்கே புரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து தேவராஜ் உள்ளே வந்தார். விரலில் பஸ் சாவிக்கொத்து சுற்றிக்கொண்டிருந்தது. சற்றுச் சதை போட்டிருந்தார். மேசையைப் பார்த்ததும் கதவிலேயே நின்றார்.

"ஐயோ, மோருங்களா! எனக்கு வேண்டாமுங்க. ஒருக்கா குடிச்சதே போதும்."

"உனக்குமா குடுத்தாரு?" என்றார் பழனிசாமி.

"ரெண்டு டம்ளருங்க! மொத டம்ளர் முடியறவரைக்கும் அவருக்குச் சொல்ல வாய் வரல. பாவம், இன்னொன்ன ஊத்திக் குடுத்துட்டுச் சொன்னாரு. அன்னிக்கு ஊட்டுக்குப் போயி அழுதனுங்க. இப்பப் பரவால்ல. பஸ்ஸுக்காரங்க சத்தம் போட்டுச் சண்டை போடறாங்க, அரைமணி நேரத்துல ஒண்ணா டீ குடிக்கறாங்க. நம்ம லைப்ரரிக்காரங்க மாதிரி மனசுக்குள்ளயே வெச்சுச் சண்டை போடறதில்ல."

பழனிசாமி டம்ளரைக் கீழே வைத்தார். மரகதத்தின் பக்கம் திரும்பினார். புதுக் கட்டடத்துக்கு வந்த பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏனுங்கம்மா, அன்னிக்கு உங்ககிட்ட அவரு என்னதானுங்க சொன்னாரு?"

மரகதம் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: "மெஷின் வருது, இனி கவுண்டருக்கு ஆள் வேண்டாம், ஒரு வருசம் பாத்துட்டு உங்களை வெச்சுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்னாரு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. எல்லாரும் வேலைல இருக்க, என்னை மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாங்களேன்னு."

இது எனக்கே புதுச் செய்தி. கவுண்டர் போகும் என்று தெரியும். ஒரு வருடக் கெடு தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தினமும் அடுத்தவர் கலைத்ததை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க ஏனுங்க இப்படி..." என்று ஆரம்பித்தார் பழனிசாமி.

"நீங்க கேக்கலீங்களே" என்றார் மரகதம்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எல்லோருக்கும் உறைத்தது. பழனிசாமிக்கு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் கிடையாது. அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். தேவராஜின் நாற்காலி மேலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாற்காலியைத் தூக்கிவந்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனி இங்க உக்காருங்கம்மா. எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க" என்றார்.

"அட சாமி, நான் உக்காந்திருந்தப்ப இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுதுன்னு எத்தன தடவ சொன்னேன், எவனும் கண்டுக்கல" என்றார் தேவராஜ். முதலில் சிரித்தது மரகதம்தான். அதன்பின் மோர் முழுவதும் காலியாயிற்று. அன்று சாயங்காலம் ரேக்குகள் எந்த வரிசையில் என்று பேசி, ஆசிரியர் பெயர் வரிசையே இருக்கட்டும் என்று முடிவானது. அதற்கு ஈடாக மாடிப்படிக்குக் கீழே எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று பழனிசாமி கேட்டார். அங்கேதான் காற்று வருமாம்.

எல்லாம் சுபம் என்று இங்கே முடிக்க முடியாது. ஒரு வருடக் கெடு அப்படியே இருந்ததே. ஆகவே மறுநாள் ஒரு பிளாஸ்க்கில் மோர் எடுத்துக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனேன். மழையைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அம்மாவின் முட்டிவலியைக் கேட்டேன். டம்ளரில் ஊற்றி நீட்டினேன். அவர் வாயில் வைத்ததும் சொன்னேன்.

"ஐயா, மரகதத்தை நான் விடுறதா இல்லை. பிள்ளைங்க மெஷின் முன்னாடி திருதிருன்னு முழிக்குதுங்க. அவங்க பக்கத்துல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் மரகதம்தான். கெடுவெல்லாம் வேண்டாம். அவங்க போனா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

அவர் அவசரமாக முழுங்கிப் புரையேறி இருமினார். "ஏனுங்க மேடம், குடிக்கறப்பவா இதையெல்லாம் சொல்லுவாங்க?"

"நீங்க அப்படித்தானே சொல்லுவீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அத்தனை வருடப் பழக்கத்தையும் நான் விளக்கினேன். தட்டில் வெள்ளையாகத் தெரிந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வயிறு கலங்குவதையும் சொன்னேன். அவர் உண்மையாகவே திகைத்துப்போனார்.

"நான் என்னத்தைக் கண்டனுங்க! சங்கடமான சேதியாச்சே, வயிறாவது குளிரட்டும்னு குடுத்தேன்." டம்ளரைத் தள்ளி வைத்தார். "சரிங்க. அந்தம்மா இருக்கட்டும். நானே வந்து சொல்றேன். வெறுங்கையோட வாரேன்."

சொன்னபடியே வந்தார். மரகதத்தின் நாற்காலிக்கு எதிரே நின்று, கெடு எதுவும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நின்றுகொள்கிறேன் என்ற பேச்சை மரகதம் அதன்பின் எடுக்கவில்லை. செயலாளரும் மோரை விட்டார். கெட்ட சேதிக்கு எலுமிச்சை ஜூஸுக்கு மாறினார். இரண்டே மாதத்தில் வளாகம் முழுக்க அதுவும் தெரிந்துவிட்டது.

நான் ஓய்வு பெற்ற நாளில் பொன்னாடையும் பேச்சும் முடிந்து, கைப்பையை எடுக்க நூலகத்துக்குப் போனேன். மெஷினுக்குப் பக்கத்திலிருந்து மரகதம் எழுந்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு தூக்கை எடுத்தார். பழனிசாமி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ரேக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தமல்லி மிதப்பதைக் கண்டதும் பழைய பழக்கத்தில் ஓரடி பின்வாங்கினேன்.

"என்ன மரகதம், யாருக்குக் கெட்ட சேதி?"

அவர் மோரை ஊற்றினார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நான் வாயில் வைக்கும்வரை காத்திருந்தார்.

"எங்களுக்குத்தான் மேடம். நாளைக்கு நீங்க வரமாட்டீங்கல்ல."

வாய் நிறைய மோர் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.